சுருக்கொப்பம்

அக்டோபர் இருபத்தொன்று.
ராமநாதபுரம் ஆயுதப்படை மைதானத்தில்
இரவு பெய்த மழைக்குச் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து
யார் எங்கே நிற்பதென்று
கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.
தேவிபட்டினம் கடலோரக் காவல் நிலையத்திலிருந்து
நான்கு பேர் வந்திருந்தோம்.
நான் நிலைய எழுத்தர்,
நடந்ததை நேரம் போட்டு எழுதுகிறவன்.

பட்டியல் நீளம்.
பனிமலையில் செத்தவர்கள், காட்டில் செத்தவர்கள்,
சோதனைச்சாவடியில் லாரி ஏறிச் செத்தவர்கள்,
வாயில் நுழையாத ஊர்கள்.
நம்புக்கண்ணு என்பதை
நம்பிக்கண்ணு என்று வாசித்தார் ஆய்வாளர்.
இன்பவல்லி திருத்தவில்லை.
கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

துப்பாக்கிகள் தலைகீழாயின.
பிறகு வானம் பார்த்தன.
பன்னிரண்டு பேர், மூன்று முறை.
கருவேலங்காட்டிலிருந்து எழும்பிய கொக்குகள்
மூன்றாவது வெடிக்கு முன்பே
திரும்ப உட்காரத் தொடங்கிவிட்டன.

மலர்வளையம் வைத்தவர்கள் காரேறிப் போனதும்
ஆயுதக்கிடங்கு சகுபர் அலி
புல்லில் குனிந்து தோட்டாக் கூடு பொறுக்கினார்.
முப்பத்தாறு சுட்டால் முப்பத்தாறும் திரும்ப வேண்டும்.
முப்பத்தைந்து.
மறுபடி எண்ணினார். முப்பத்தைந்துதான்.
நம்புக்கண்ணுவின் மகன், எட்டு வயது,
வலது கையை மட்டும் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.
பெட்டியை மூடினார் சகுபர்.
"ஈரத்துல புதைஞ்சிருக்கும், சாயங்காலம் தேடிக்கிறேன்" என்றார்
யாரும் கேட்காமலே.

எனக்கு அந்தக் கை கிடையாது.
போன மார்கழி, இரவு இரண்டு பத்து:
ரோந்துப் படகு புறப்பாடு, மூவர்.
வாடை கிழித்துக்கொண்டிருந்தது.
கரை திரும்பாத ஒரு நாட்டுப்படகைத் தேடிப் போனார்கள்.
(அந்தப் படகு ஒரு மணிக்கே தொண்டியில் ஒதுங்கியிருந்தது.
படகுக்காரர் இன்று மைதான வேலிக்கு வெளியே
உள்ளே வராமல் நின்றிருந்தார்.)

ஐந்து நாற்பதுக்கு எஞ்சின் சத்தம்.
ஜன்னல் பக்கம் திரும்பாமலே எழுதினேன்:
படகு திரும்பியது, மூவர்.
மை காய்வதற்குள் ஜெரோன் வாசலில் நின்றான்.
சட்டையிலிருந்து கடல் சொட்டியது.
வாய் திறக்கவில்லை.
இரண்டு விரலைக் காட்டினான்.

பொது நாட்குறிப்பில் அழிக்கக் கூடாது.
ஒரே கோடு, அடித்தது தெரிகிற மாதிரி.
மேலே சரியான சொல்.
பக்கத்தில் சுருக்கொப்பம்.
போட்டேன். கை நடுங்கவில்லை.
பத்து மாதமாக அதைத்தான் நினைக்கிறேன்,
கை நடுங்கவில்லை.

துறையில் அவன் கழற்றி வைத்துப் போன பூட்ஸ்
பதினொரு நாள் அங்கேயே கிடந்தது.
பௌர்ணமி வெள்ளம் ஏறின அன்று
பாசி எடுக்கப் போகிற பெண்கள் யாரோ
மேட்டுக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள்,
உள்ளே திணித்திருந்த காலுறைகளோடு.

மதியம் இன்பவல்லி நிலையத்துக்கு வந்தாள்.
டீ வேண்டாம் என்றாள்.
அந்தப் பக்கத்தைப் பார்க்கணும் என்றாள்.
காட்டக் கூடாது.
காட்டினேன்.
கருணை வேலையில் இப்போது அவளும் கோப்பு எழுதுகிறவள்.
ஒரு கோட்டுக்கு என்ன அர்த்தமென்று
சொல்லித்தர வேண்டியதில்லை.
அடித்த சொல்லின் மேல் விரல் வைத்தாள்.

"இதுல வந்துட்டாரா?"

ஆமாம் என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

மின்விசிறி சுற்றியது.
வயர்லெஸ்ஸில் உச்சிப்புளி யாரையோ கூப்பிட்டது.
"ரெண்டு நிமிசம்மா" என்றேன்.
உண்மையில் அவ்வளவு இருக்காது.

விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்,
இரண்டு நிமிடத்துக்கும் மேலாக.
வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்ற பையன்
பைக்குள்ளிருந்து கையை எடுத்து
தோட்டாக் கூட்டை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தான்.
முதலில் காற்று மட்டும்.
பிறகு விசில் வந்தது.